நிக்கல் தேடலில் முதல் துளைகளின் முடிவை வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2012 ஜூலையில் சிரியஸ் ரிசோர்சஸ் என்ற சின்ன நிறுவனம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரேசர் ரேஞ்ச் பகுதியிலிருந்து ஒரு துளை முடிவை வெளியிட்டது: 4 மீட்டர், 3.8% நிக்கல், 1.4% செம்பு. 2020 மார்ச்சில் பெர்த் நகருக்கு வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில், ஜூலிமார் என்ற இடத்தில், சாலிஸ் நிறுவனம் தன் முதல் துளையிலேயே 48 மீட்டர் ஆழத்திலிருந்து 19 மீட்டருக்கு 2.6% நிக்கல், 1% செம்பு, டன்னுக்கு 8.4 கிராம் பல்லேடியம் (விலையுயர்ந்த ஒரு உலோகம்) என்று அறிவித்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜூலிமார்தான் பெரிய செய்தி. நீளம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, கூடவே பல்லேடியம். ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஃபிரேசர் ரேஞ்ச் துளை நோவா-பொலிஞ்சர் என்ற படிவமானது: சுமார் 1.43 கோடி டன், சராசரி 2.3% நிக்கல். 2016-ல் அங்கே சுரங்கம் ஓடத் தொடங்கியது. ஜூலிமாரில் கண்ட கோன்வில் படிவத்தின் முதல் வளக் கணக்கு 2021 நவம்பரில் வந்தது: 33 கோடி டன், சராசரி நிக்கல் 0.16%. முதல் துளையில் 2.6, மொத்தப் படிவத்தில் 0.16.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டுமே உண்மையான, பெரிய கண்டுபிடிப்புகள். முதல் துளை சொல்லக்கூடியது ஒன்று, நாம் அதனிடம் கேட்பது இன்னொன்று என்பதுதான் சிக்கல். “இங்கே நிக்கல் சல்பைடு உருவாகியிருக்கிறதா?” என்ற கேள்விக்கு முதல் துளை நன்றாகவே பதில் சொல்லும். “எவ்வளவு இருக்கிறது?” என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. அறிவிப்பின் தலைப்பில் தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணை விட, அதைச் சுற்றி அச்சிடப்படாமல் கிடக்கும் எண்களைக் கணக்குப் போட்டு எடுப்பதுதான் வாசிப்பின் சாரம் என்பது என் கருத்து. அதைப் படிப்படியாகச் செய்வோம். பங்கு வாங்குகிறவர்களுக்கும் புவியியல் மாணவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

படி 1: இது எந்த நிக்கல்?

நிக்கல் மூன்று வேடங்களில் வரும். எந்த வேடம் என்று தெரியாமல் சதவீதத்தைப் பார்ப்பதில் பயனில்லை.

முதலாவது சல்பைடு. பென்ட்லண்டைட் என்ற கனிமத்தில் நிக்கல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். அதோடு பைரோடைட் என்ற இரும்பு சல்பைடும், கால்கோபைரைட் என்ற செம்பு சல்பைடும் கலந்திருக்கும். அரைத்து, நுரை மிதப்பு முறையில் பிரித்து, செறிவூட்டிய தாதுவாக விற்கலாம். நோவா, கம்பால்டா, கனடாவின் வாய்சிஸ் பே எல்லாம் இந்த வகை.

இரண்டாவது லேட்டரைட். வெப்பமண்டல மழையும் வெயிலும் பல லட்சம் ஆண்டுகள் பாறையைச் சிதைக்க, நிக்கல் மேல்மண்ணிலும் அதன் அடியிலும் தங்கிவிடும். இந்தோனேசியா, நியூ கலிடோனியா, மேற்கு ஆஸ்திரேலியாவின் முர்ரின் முர்ரின் போன்ற இடங்களில் இருப்பது இதுதான். ஒடிசாவின் சுகிந்தாவில் குரோமைட்டுக்கு மேலே கிடக்கும் நிக்கல் மண்ணும் இதே சாதி. பிரித்தெடுக்க அமிலமோ பெரிய உலையோ வேண்டும், அதனால் இதன் பொருளாதாரமே வேறு.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது: சிலிகேட் நிக்கல். கொமாட்டியைட், டியூனைட் போன்ற மெக்னீசியம் நிறைந்த பாறைகளில் ஆலிவின் என்ற சாதாரணக் கனிமத்துக்குள்ளேயே 0.2 முதல் 0.3% வரை நிக்கல் பூட்டிக் கிடக்கும். அந்தப் பாறை எங்கே இருந்தாலும் இந்த அளவு இருக்கும். அதை மிதப்பு முறையில் எடுக்க முடியாது. “200 மீட்டருக்கு 0.25% நிக்கல்” என்று ஒரு அறிவிப்பு வந்தால், பல சமயம் அதன் பொருள் “200 மீட்டர் பச்சைப் பாறையைத் துளைத்தோம்” என்பது மட்டுமே.

சரி, 0.25% எப்போதுமே வெறும் பாறைதானா என்றால், அப்படியும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் படிவத்தில் சராசரி 0.5 முதல் 0.6% தான். ஆனால் அங்கே நிக்கல் சல்பைடாகப் பொடிப்பொடியாகத் தூவப்பட்டிருக்கிறது, பரப்போ மிகப் பெரிது. எனவே குறைந்த சதவீதத்தைப் பார்த்ததும் தள்ளிவிட வேண்டாம், அது எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அதைக் கண்டுபிடிக்கும் கணக்கு படி 6-ல் வருகிறது.

படி 2: எந்த இயந்திரம் துளைத்தது, எவ்வளவு ஆழத்தில்?

ஏர்கோர் என்பது மலிவான, வேகமான முறை. சிதைந்த மேல்பாறை வரைக்கும்தான் போகும். கெட்டிப் பாறை வந்ததும் நின்றுவிடும். அதன் முடிவு ஒரு துப்பு, அவ்வளவுதான்.

ஆர்சி என்கிற ரிவர்ஸ் சர்க்குலேஷன் முறை நம்மூர் போர்வெல் லாரியின் சுத்தியல் போலவே காற்றழுத்தத்தில் பாறையை நொறுக்கும். வித்தியாசம், நொறுங்கிய துகள் இரட்டைச் சுவர்க் குழாயின் உள்ளே ஏறி வரும். அதனால் மற்ற ஆழத்துத் துகளோடு அதிகம் கலக்காது. மீட்டருக்கு ஒரு மாதிரி கிடைக்கும். சதவீதத்தை நம்பலாம். ஆனால் தூளைப் பார்த்து, சல்பைடு எந்தக் கோணத்தில் படிந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

வைரத் துளையில் முழு உருளையாகக் கோர் வெளியே வரும். சல்பைடு பாறையை எங்கே தொடுகிறது, எந்தச் சாய்வில், எந்த அமைப்பில் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும். ஆர்சி துளையில் நல்ல முடிவு வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உடனே ஒரு வைரத் துளை போட்டால், அந்தக் குழு சரியான வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

ஆழத்தையும் கவனியுங்கள். முதல் 30, 40 மீட்டருக்குள் வந்த 0.8% நிக்கல் சிதைவு மண்டலத்தில் சேர்ந்ததாக இருக்கலாம். மெக்னீசியப் பாறைக்கு மேலே அப்படிச் சேர்வது ஆஸ்திரேலியாவில் சர்வசாதாரணம். அறிவிப்பில் “புதிய பாறை” (சிதையாத பாறை) என்ற சொல் இருக்கிறதா, சிதைவின் அடிமட்டம் எத்தனை மீட்டர் என்று தேடிப் பாருங்கள். தேடிக் கிடைக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்.

படி 3: கண்ணால் பார்த்ததை எவ்வளவு நம்பலாம்?

ஆய்வக முடிவு வர வாரங்கள் ஆகும். அதற்குள் “திரள் சல்பைடு கண்டோம்” என்று ஒரு அறிவிப்பும், பளபளக்கும் கோர் படமும் வந்துவிடும். இதில் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, அமைப்பு. பாறையின் பெரும்பகுதி சல்பைடாகவே இருந்தால் திரள் சல்பைடு. சல்பைடு வலை போலப் பின்னி, இடையிடையே கனிமங்கள் இருந்தால் வலைப்பின்னல் அமைப்பு. புள்ளிப் புள்ளியாக இருந்தால் தூவல். நரம்பு போல ஓடினால் இழை. இந்த வரிசையை ஒரே துளையில் மேலிருந்து கீழாகக் கண்டால், அதாவது மேலே தூவல், நடுவே வலை, அடியில் திரள் என்றால், உருகிய பாறைக்குள் கனமான சல்பைடு அடியில் இறங்கித் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். என்னைக் கேட்டால், அந்த வரிசையே ஒரு நல்ல சதவீதத்துக்குச் சமமான செய்தி.

இன்னொன்று, எந்த சல்பைடு. பைரோடைட்டும் பென்ட்லண்டைட்டும் ஒன்றோடொன்று கலந்து வெண்கல நிறத்தில் மின்னும். பத்து மீட்டர் திரள் பைரோடைட்டில் நிக்கல் அரை சதவீதம்கூட இல்லாமல் போகலாம். 1969-70 ஆஸ்திரேலிய நிக்கல் வெறியின்போது கண்ணால் கண்ட சல்பைடை வைத்தே பங்குகள் பறந்தன. அதனால்தான் இன்று ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில், கண் மதிப்பீடு ஆய்வக முடிவுக்கு மாற்றாகாது என்ற எச்சரிக்கையோடு சல்பைடின் வகை, சதவீதம், முடிவு வரும் உத்தேச காலம் எல்லாம் எழுதுகிறார்கள். அந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கையடக்க எக்ஸ்ரே கருவியின் எண்களும் இப்படித்தான். அது தொட்ட இடத்தை மட்டும் அளக்கும். பென்ட்லண்டைட் மணி மேல் வைத்தால் 20% கூடக் காட்டும். நிக்கல் இருப்பதை உறுதிப்படுத்த உதவும், சராசரி சொல்ல உதவாது.

படி 4: பின்னிணைப்பு அட்டவணையைத் திறங்கள்

அறிவிப்பின் கடைசிப் பக்கங்களில் துளைகளின் அட்டவணை இருக்கும்: இடம், உயரம், எந்தத் திசை, எத்தனை டிகிரி சாய்வு, மொத்த ஆழம். பெரும்பாலோர் இங்கே வருவதே இல்லை. நான் முதலில் இங்கேதான் வருவேன்.

துளைவழி நீளமும் உண்மைத் தடிமனும் வேறு வேறு. சல்பைடுப் படலத்தைத் துளை செங்குத்தாக வெட்டினால் இரண்டும் ஒன்று. 30 டிகிரி கோணத்தில் உரசிக்கொண்டு வெட்டினால், 20 மீட்டர் துளைவழி நீளத்துக்கு உண்மைத் தடிமன் 10 மீட்டர்தான். படலத்தின் சாய்வோடு சேர்ந்தே துளை இறங்கியிருந்தால் 40 மீட்டர் வெட்டு 3 மீட்டர் படலமாக முடியலாம். துளைவழி நீளத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் (30 டிகிரிக்கு 0.5) பெருக்கினால் உண்மைத் தடிமன் வந்துவிடும்.

முதல் துளையில் அந்தக் கோணம் யாருக்கும் தெரியாது. “உண்மைத் தடிமன் இன்னும் தெரியவில்லை” என்று எழுதுவது நேர்மையான பதில்தான். ஐந்தாறு துளைகள் போட்ட பிறகும் அதே வாக்கியம் வந்தால் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். அதற்குள் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்திருக்க வேண்டும்.

அட்டவணையில் இன்னொன்றையும் எண்ணுங்கள்: எத்தனை துளைகள் போட்டார்கள், எத்தனைக்கு முடிவு சொல்லியிருக்கிறார்கள்? பத்து துளைகளில் இரண்டின் முடிவு மட்டும் தலைப்பில் இருந்தால், மீதி எட்டு ஆய்வகத்தில் இருக்கின்றனவா, அல்லது “குறிப்பிடத்தக்க முடிவு இல்லை” என்ற வரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 5: ‘உள்ளடங்கலாக’ என்ற சொல்லைக் கழியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு இப்படி வரும் (எண்கள் கற்பனை): “20 மீட்டருக்கு 1.0% நிக்கல், அதில் உள்ளடங்கலாக 4 மீட்டருக்கு 4.0%.” படிக்கும்போது 20 மீட்டர் முழுக்க நல்ல தாது, நடுவில் இன்னும் நல்ல தாது என்று மனம் நினைத்துக்கொள்ளும். கழித்துப் பாருங்கள்.

மொத்தம்: 20 × 1.0 = 20. உள்ளே இருக்கும் செறிவான பகுதி: 4 × 4.0 = 16. மீதி 20 − 16 = 4. அது 16 மீட்டருக்குப் பரவியிருக்கிறது. 4 ÷ 16 = 0.25%.

ஆக, மீதி 16 மீட்டரின் சராசரி 0.25%. படி 1-ல் சொன்ன வெறும் பாறையின் அளவு இது! உண்மையில் துளை கண்டது 4 மீட்டர் நல்ல தாது. அதைச் சுற்றி 16 மீட்டர் சும்மா பாறை. இந்த 4 மீட்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் நிக்கல் யுகத்தைத் தொடங்கிவைத்த கம்பால்டாவின் 1966 ஜனவரித் துளை கண்டது 2.7 மீட்டர்தான், ஆனால் 8.3% நிக்கல். மெல்லிய, செறிந்த படலத்துக்கும் தடித்த, தூவலான படிவத்துக்கும் சுரங்க முறையே வேறு. நாம் எதை வைத்திருக்கிறோம் என்பதை இந்தக் கழித்தல் சொல்லிவிடும்.

கூடவே வெட்டு எல்லையையும் பாருங்கள். “0.3% வெட்டு எல்லை, அதிகபட்சம் 2 மீட்டர் உள் கலப்பு” என்று சின்ன எழுத்தில் இருக்கும். 0.3-க்குக் கீழான மாதிரிகளைச் சேர்க்கவில்லை, ஆனால் தொடர்ச்சிக்காக இடையில் 2 மீட்டர் வரை மட்டமான பாறையை அனுமதித்தோம் என்று பொருள். உள் கலப்பை 2-லிருந்து 6 மீட்டராக்கினால் துண்டு துண்டான வெட்டுகள் ஒட்டிக்கொண்டு ஒரே நீண்ட வெட்டாகிவிடும். முந்தைய அறிவிப்பிலும் இதிலும் எல்லை ஒன்றேதானா என்று ஒப்பிடுங்கள்.

வெவ்வேறு துளைகளை ஒப்பிட மீட்டரையும் சதவீதத்தையும் பெருக்கிக்கொள்ளலாம். நோவாவின் 4 × 3.8 = 15.2. ஜூலிமாரின் 19 × 2.6 = 49.4. கம்பால்டாவின் 2.7 × 8.3 = 22.4. வரிசைப்படுத்த வசதியான எண், ஆனால் இதில் ஒரு ஓட்டை: 50 மீட்டருக்கு 0.3% என்பதும் 15 தான், 5 மீட்டருக்கு 3% என்பதும் 15 தான். முன்னதை யாரும் நிலத்தடியில் தோண்ட மாட்டார்கள்.

அடர்த்தியும் இதில் வரும். திரள் சல்பைடு ஒரு கன மீட்டருக்கு 4.5 டன் அளவுக்குக் கனக்கும்; சுற்றியுள்ள பாறை 3 டன்னுக்குள். அடர்த்தியைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் சதவீதம் கூடும். அது சரியான முறைதான், ஆனால் அப்படிச் செய்ததாகச் சொல்லியிருக்க வேண்டும்.

படி 6: கந்தகத்தைக் கொண்டு நிக்கலைச் சோதியுங்கள்

ஆய்வகத்தில் பொதுவாக நான்கு அமிலங்களால் பாறையைக் கரைக்கிறார்கள். இதில் சல்பைடும் கரையும், சிலிகேட்டும் ஏறக்குறைய முழுக்கக் கரையும். எனவே வரும் எண் மொத்த நிக்கல். எடுக்கக்கூடிய நிக்கல் எவ்வளவு என்று அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள முதல் துணை கந்தகத்தின் சதவீதம்.

பைரோடைட், பென்ட்லண்டைட், கால்கோபைரைட் கலந்த சுத்தமான சல்பைடில் கந்தகம் தோராயமாக 37% இருக்கும். இதை வைத்து இரண்டு கணக்குகள் போடலாம்.

பாறையில் சல்பைடு எவ்வளவு? கந்தகச் சதவீதத்தை 0.37-ஆல் வகுங்கள். கந்தகம் 10% என்றால் சல்பைடு சுமார் 27%.

அந்த சல்பைடு எவ்வளவு செழிப்பானது? நிக்கலை 37-ஆல் பெருக்கி, கந்தகத்தால் வகுங்கள். நிக்கல் 1.2%, கந்தகம் 10% என்றால் 1.2 × 37 ÷ 10 = 4.4%. பாறை நூற்றுக்கு நூறு சல்பைடாக இருந்தால் 4.4% நிக்கல் கிடைக்கும் என்று அர்த்தம். இதை டெனர் என்பார்கள்.

முதல் சில துளைகளில் இதை விட மதிப்பான எண் எனக்குத் தெரியவில்லை. வெறும் 0.5% தூவல் மட்டுமே கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெனர் 5% என்றால், இதே அமைப்பில் எங்கோ திரள் சல்பைடு சேர்ந்திருந்தால் அது நல்ல தாதுவாகவே இருக்கும். தேடலைத் தொடர்வதில் அர்த்தம் உண்டு. மாறாக 10 மீட்டர் திரள் சல்பைடு கிடைத்து, நிக்கல் 0.6%, கந்தகம் 35% என்றால் டெனர் 0.63. இன்னும் எத்தனை மீட்டர் சல்பைடு கண்டாலும் இதே ஏழ்மைதான் வரும். கண்ணுக்கு அழகான இரண்டாவது துளையை விட, சப்பென்று தோன்றும் முதல் துளை மேல்.

நிக்கல் 0.25%, கந்தகம் 0.05% என்று வந்தால்? சல்பைடு என்று சொல்லவே எதுவும் இல்லை. அது சிலிகேட் நிக்கல்.

இரண்டு எச்சரிக்கைகள். பைரைட் நிறைய இருந்தால் அதில் கந்தகம் 53%, கணக்கு தப்பும். தூவல் குறைவான மாதிரிகளில் சிலிகேட் நிக்கலைக் கழிக்காவிட்டால் டெனர் பொய்யாக உயர்ந்து தெரியும். அறிவிப்பில் கந்தக எண்ணே இல்லாவிட்டால், குறைந்த சதவீத முடிவு எதையும் நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

படி 7: கூட வரும் உலோகங்களும் ‘சமான’ எண்ணும்

செம்பு, கோபால்ட், பல்லேடியம், பிளாட்டினம் வருமானத்தைக் கூட்டும். ஆர்செனிக் கூடினால் உருக்காலை அபராதம் போடும். டால்க் என்ற மென்மையான கனிமம் கூடினால் மிதப்பு முறையே திணறும். இவற்றைத் தனித்தனியாகப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கும் நிக்கல் சமானம் வேறு விஷயம். கோன்வில்லின் அதே 33 கோடி டன்னை 0.16% நிக்கல் என்றும் சொல்லலாம், 0.58% நிக்கல் சமானம் என்றும் சொல்லலாம். இரண்டுமே சரி. பல்லேடியத்தின் அன்றைய விலையும், எடுக்கக்கூடிய விகிதம் பற்றிய அனுமானமும் பின்னதில் கலந்திருக்கின்றன. 2022-ல் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டிய பல்லேடியம் 2024-ல் 1,000 டாலர் பக்கம் வந்துவிட்டது. பாறை மாறவில்லை, சமான எண் மட்டும் மாறும். எனவே பயன்படுத்திய விலையும் மீட்பு விகிதமும் எழுதப்படாத சமான எண்ணை ஒதுக்கிவிட்டு, தனித்தனிச் சதவீதங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 8: துளைக்குள் இறக்கிய மின்காந்தக் கருவி என்ன சொல்கிறது?

நிக்கல் தேடலில் துளை போட்டால் வேலை முடிவதில்லை. அதனுள் மின்காந்தக் கருவியை இறக்கி, சுற்றிலும் மின்சாரம் நன்றாகக் கடத்தும் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். திரள் சல்பைடு அருமையான கடத்தி. துளை நேராகத் தொடாமல் பக்கத்தில் போயிருந்தாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அறிவிப்புகளில் வண்ணத் தகடுகளாக வரைந்திருப்பது இதைத்தான். கடத்துதிறனை சீமென்ஸ் அலகில் சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் திரள் சல்பைடுக்கு வாய்ப்பு உண்டு.

வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். கிராஃபைட்டும் அப்படியே கடத்தும், நிக்கல் இல்லாத பைரோடைட்டும் அப்படியே கடத்தும். ஃபிரேசர் ரேஞ்சில் நோவாவுக்குப் பின் ஏராளமான நிறுவனங்கள் கடத்திகளைத் துரத்தின. பல துளைகள் கிராஃபைட்டிலும் வறண்ட சல்பைடிலும் போய் முடிந்தன. எனவே கேட்க வேண்டியது: கடத்தி இருப்பது நிக்கல் சல்பைடு ஏற்கனவே உறுதியான துளைக்குப் பக்கத்திலா, அல்லது எதுவும் தெரியாத புதிய இடத்திலா? முன்னது வலுவான குறி.

தகடு பெரிதாக இருப்பதால் தாதுவும் அவ்வளவு பெரிது என்று அளக்காதீர்கள். அது ஒரு கணித மாதிரி.

படி 9: அடுத்த துளைகள் எங்கே?

தொடர்ச்சி என்பது அடுத்த துளைகளில்தான் தெரியும். முதல் துளையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி, எந்தப் பக்கம்? 10 மீட்டர் தள்ளிப் போட்ட துளை நல்ல முடிவு தருவது இயல்பு. 100 மீட்டர் தள்ளிப் போட்டதும் அதே படலத்தைத் தொட்டால் அது செய்தி.

இங்கே படிவத்தின் வடிவம் தெரிந்திருக்க வேண்டும். கம்பால்டா போன்ற கொமாட்டியைட் படிவங்கள் பழைய எரிமலைக் குழம்பு ஓடிய கால்வாயின் அடியில் தங்கியவை. நாடா போல நீளமாக, குறுகலாக, சில மீட்டர் தடிமனில் இருக்கும். நாடாவின் குறுக்கே 100 மீட்டர் தள்ளினால் வெறும் பாறை, நீளவாக்கில் ஒரு கிலோமீட்டர் தள்ளினாலும் தாது. எனவே ஒரு துளை தவறியதும் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எந்தப் பக்கம் தவறியது என்று பாருங்கள்.

நோவாவில் இந்தத் தொடர்ச்சி வந்தது. துளைக்குப் பின் துளையாகத் திரள் சல்பைடு இணைந்தது; 2013-ல் கிழக்கே பொலிஞ்சரும் சேர்ந்துகொண்டது. கோன்வில்லிலும் தொடர்ச்சி வந்தது, ஆனால் வேறு மாதிரி. தூவல் சல்பைடு அந்தப் பாறை உடல் முழுக்கப் பரவியிருந்தது. முதல் துளை தொட்ட செறிவான பகுதி அந்தப் பெரிய உடலுக்குள் இருக்கும் சிறு பங்கு. முதல் துளை மட்டும் கையில் இருந்தபோது இந்த இரண்டு முடிவுகளுமே சாத்தியமாகத்தான் இருந்தன.

படி 10: தரச் சோதனை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளை முடிவுகளையும் வளக் கணக்கையும் எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் ஆஸ்திரேலிய ஜோர்க் விதித்தொகுப்பின்படி எழுதப்பட்ட அறிவிப்பில் ‘அட்டவணை 1’ என்று கேள்வி-பதில் பகுதி இருக்கும். அதில் தரநிலை மாதிரிகள் (அளவு முன்பே தெரிந்தவை), வெற்று மாதிரிகள் (உலோகம் இல்லாதவை), இரட்டை மாதிரிகள் (ஒன்றையே இரண்டு முறை அளப்பவை) போட்டார்களா, கோர் மீட்பு எத்தனை சதவீதம், ஆர்சி மாதிரி ஈரமா உலர்வா என்று பாருங்கள். பொறுப்பேற்கும் தகுதியாளரின் பெயரும் இருக்க வேண்டும்.

இந்த அட்டவணைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1969-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் விண்டாராவில் பொசைடன் நிறுவனம் 3.56% நிக்கல் கண்டதாகச் செய்தி வந்ததும், 80 சென்ட் இருந்த பங்கு 1970 பிப்ரவரியில் 280 டாலரைத் தொட்டது. தாது உண்மைதான். ஆனால் நினைத்ததை விடத் தரம் குறைவு, எடுக்கும் செலவு கூடுதல், நிக்கல் விலையும் இறங்கிவிட்டது. 1976-ல் நிறுவனம் கடன்காரர்களிடம் போனது. ஜோர்க் குழு 1971-ல் உருவானதற்கு இந்தக் காலத்து வெறிதான் காரணம். எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு கரைந்த பிறகு எழுதப்பட்ட விதிகள் இவை. அந்தப் பக்கங்களைப் படிக்காமல் விடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

படி 11: டன் கணக்கும், சந்தை விலையும்

துளைகள் ஓரளவு சேர்ந்ததும் நீங்களே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 300 மீட்டர் நீளம், 100 மீட்டர் ஆழவாட்டம், 4 மீட்டர் உண்மைத் தடிமன்: 1,20,000 கன மீட்டர். அடர்த்தி 3.5 என்றால் 4,20,000 டன் தாது. 2% நிக்கல் என்றால் 8,400 டன் உலோகம். நோவா-பொலிஞ்சரில் இருந்தது சுமார் 3,25,000 டன் நிக்கல். ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. “அடுத்த நோவா” என்று யாராவது சொல்லும்போது இந்த விகிதத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். இன்னும் எத்தனை துளைகள், எவ்வளவு நீளம் வேண்டியிருக்கும் என்று தெரியும். ஏற்கனவே ஆலை ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்றால் 8,400 டன்னும் பிழைக்கலாம். நானூறு கிலோமீட்டர் தள்ளித் தனியாகக் கிடந்தால் கடினம்.

கடைசியாக விலை. 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு 1,00,000 டாலரை ஒரு கணம் தாண்ட, வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். அப்புறம் இந்தோனேசிய லேட்டரைட் நிக்கல் வெள்ளமாக வந்தது. உலகின் சுரங்க உற்பத்தியில் பாதிக்கு மேல் இன்று அந்த ஒரு நாட்டிலிருந்துதான். 2024-ல் விலை 15,000–16,000 டாலர் வரை இறங்க, அந்த அக்டோபரில் பிஎச்பி என்ற பெரிய சுரங்க நிறுவனம் தன் மேற்கு ஆஸ்திரேலிய நிக்கல் பிரிவையே நிறுத்திவைத்தது. மவுண்ட் கீத்தும் அதில் அடக்கம். 0.5% தாதுவில் பல ஆண்டுகள் ஓடிய சுரங்கம் அது.

ஆகவே 0.4% தூவல் நிக்கலைக் கண்ட அறிவிப்பு இன்று வந்தால், படி 6-ன் கணக்கைப் போட்ட கையோடு மீட்புச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள்: மொத்த நிக்கலில் எத்தனை சதவீதம் செறிவூட்டிய தாதுவுக்குள் வந்தது, அந்தத் தாதுவில் நிக்கல் எத்தனை சதவீதம்? இந்த இரண்டு எண்களும் வரும் வரை அந்தத் துளையின் மீட்டர்களை எண்ணிக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.